பெஞ்சுக்காரம்மா வீடு

வாங்க வாங்க, கேட்டைச் சாத்திட்டு வாங்க தம்பி, இல்லாட்டி நாய் உள்ள பூந்துரும். செருப்பெல்லாம் கழட்ட வேண்டாமுங்க, போர்டிகோதானே. உக்காருங்க. அய்யய்யோ, அந்த பெஞ்சுல வேண்டாம், இந்தச் சேர்ல உக்காருங்க. பிளாஸ்டிக்குன்னு பாக்காதீங்க, நல்ல சேருங்க. ஒருத்தரும் இதுல உக்கார மாட்டேங்கறாங்க, அதனாலதான் இன்னும் புதுசாட்டவே இருக்குது.

எங்கூட்டுக்காரி இல்லீங்க. கோயிலுக்குப் போயிருக்கறா. இருங்க, இருங்க, நானே சொல்லிடறேன். நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். உள்ள வந்ததும் உங்க கண்ணு எங்க போச்சுன்னு பாத்தனுங்களே. என்னைப் பாக்கலை, ஊட்டைப் பாக்கலை, நேரா பெஞ்சுக்குப் போச்சு. அப்பறம் குனிஞ்சு காலு பூந்திருக்கற எடத்தைத் தடவிப் பாத்தீங்க. வாரவங்க எல்லாரும் அதையேதான் தடவறாங்க. ஆணி எங்க, ஸ்க்ரூ எங்கன்னு தேடறது. ஆணியும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை, பசையும் இல்லீங்க. கட்டைக்குள்ள கட்டை, அவ்வளவுதான். இதுல என்ன பெரிய அதிசயம் இருக்குதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலை.

முதல்லயே சொல்லிப்போடறேன், அப்பறம் வெயில்ல வந்தது வீணாப்போச்சேன்னு என்னை வையக்கூடாது. அவ இப்ப யாருக்கும் செஞ்சு குடுக்கறதில்லீங்க. விட்டுட்டா. உளியைத் தொட்டே மாசக்கணக்காச்சு. அட, நான் சொல்லி முடிச்சுக்கறனுங்க, அதுக்கப்பறம் நீங்க சொல்லுங்க. எனக்கும் பொழுது போகோணுமில்ல. எப்பவும் இந்நேரம் தூங்கிட்டு இருப்பேன். இன்னிக்கென்னமோ தூக்கமே வரலை, நீங்களும் வந்தீங்க.

எம் பேரு நாச்சிமுத்துங்க. பம்பு கம்பெனில ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்தத் தெருவுல வந்து ஃபோர்மேன் ஊடு எதுன்னு கேட்டா, சின்னக் கொழந்தைகூடக் கையக் காட்டும். அப்படி இருந்த ஊடுங்க இது. நீங்க என்ன கேட்டுட்டு வந்தீங்க? பெஞ்சுக்காரம்மா ஊடு எதுன்னுதானே? பாருங்க, மூஞ்சியிலயே தெரியுது. எங்கப்பன் வாங்குன எடம், நான் கட்டுன ஊடு, வரி என்ற பேர்ல கட்டறேன். ஆனா இது பெஞ்சுக்காரம்மா ஊடு.

பொறாமையெல்லாம் இல்லீங்க. சொந்தப் பொண்டாட்டி மேல எவனாவது பொறாமைப்படுவானா? நடந்ததைச் சொல்றேன், நீங்களே நாயத்தைச் சொல்லுங்க.

என்ற சம்சாரம் பேரு மயிலாத்தா. கலியாணமாகி வந்த நாள்ல இருந்து அவளுக்கு எல்லாத்துக்கும் நான்தான் வேணும். மிக்சி ஓடலையா, ஏனுங்க, இதைச் சித்தெ பாருங்களேன். கொழாய் ஒழுகுதா, ஏனுங்க, இதைச் சித்தெ பாருங்களேன். ஊறுகாய் பாட்டல் மூடி தெறக்கலைன்னாக்கூட ஈரக்கையோட வந்து நிப்பா. ஏனுங்க, இதைச் சித்தெ பாருங்களேன். நான் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, கண்ணாடியப் போட்டுட்டு, என்னமோ பெரிய ஆப்பரேசன் பண்றவனாட்ட எந்திரிச்சுப் போவேன். அப்ப நெம்பத் தொந்தரவு பண்றான்னு சலிச்சுக்குவனுங்க. இப்ப நெனச்சாத்தான் அதெல்லாம் எப்பேர்ப்பட்ட காலம்னு தெரியுது.

இதா, சேருக்குப் பின்னால வெறுமனே கெடக்குதே, அங்க ஒரு வேப்பமரம் இருந்துதுங்க. கரண்டுக் கம்பியில ஒரசுதுன்னு வெட்டிட்டாங்க. வெறகுக்குக் குடுத்துடலாம்னேன். அவ முடியாதுன்னுட்டா. மில்லுல குடுத்துப் பலகையா அறுத்துட்டு வந்து, பின்னால நெழல்ல அடுக்கிக் காயப் போட்டா. ஒரு வருசம் காஞ்சுது. அப்பறம் ஒருநா, வாசல்ல உக்கார ஒரு பெஞ்சு வேணுமுங்கன்னா. அதுக்கென்ன, இரும்பு ஆங்கிள் வாங்கிட்டு வந்து அரை நாள்ல வெல்டு பண்ணித் தர்றேன்னேன். இரும்பு வெயிலுக்குச் சுடுமுங்க, மரத்துலயே செஞ்சுக்கலாம்னா. அதுதான் ஆரம்பம். இரும்பு சுடுமாமா. ஆயுசு முச்சூடும் இரும்புலதான் சோறு தின்னிருக்கறோம், அது சுடுமாமா.

பக்கத்து வீதியில கனகராஜுன்னு ஒரு ஆசாரி. பட்டறை வெச்சிருக்கறான். மீசைக்கு டை அடிப்பான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லி வெக்கறேன். இவ போய் அவனைக் கேட்டிருக்கறா. அவன் கையில சமையல்கட்டு அலமாரி வேலையா நெறைய இருந்திருக்குது. நேரமே இல்லீங்க மயிலக்கா, வேணும்னா உளி தர்றேன், நீங்களே செஞ்சுக்கங்கன்னு சிரிச்சிருக்கறான். கிண்டலுக்குச் சொன்னதுங்க அது. வேற எந்தப் பொம்பளையா இருந்தாலும் சிரிச்சுப்போட்டு ஊட்டுக்கு வந்திருப்பா. இவ, சரி குடுன்னு கைய நீட்டியிருக்கறா.

நாலஞ்சு நாளைக்குத் தாங்குமான்னு நெனச்சனுங்க. கையில ஒரு தடவை வெட்டுப்பட்டா விட்டுருவா. வெட்டும் பட்டுது, ஒரு துணியச் சுத்திக்கிட்டு மறுபடி உக்காந்துட்டா. காலைல டிபன் ஆனா அங்க போயிருவா. எதையோ கத்துக்கிட்டு வருவா. மத்தியானம் இந்த போர்டிகோவுலதான் வேலை. கொட்டாப்புளி, அந்த மரச்சுத்தியோட சத்தம் இருக்குதே, டொக்கு, டொக்கு, டொக்குன்னு, அது என்ற தலைமேலயே அடிக்கறாப்பல இருக்கும். ஜன்னல்ல இருந்து பாப்பேன். பாக்கோணும்னு இல்லை, ஜன்னல் அங்க இருக்குது.

அது எப்படிச் செய்யறதுன்னா, உக்கார்ற பலகையில நாலு துளை போடறது. வட்டத் துளை இல்லை, சதுரத்துளை, உளியிலயே போடோணும். காலோட தலைமாட்டை ரெண்டு பக்கமும் செதுக்கி ஒரு நாக்காட்ட விடறது. அந்த நாக்கு துளைக்குள்ள பூந்து மேல எட்டிப் பாக்கோணும். எட்டிப் பாக்கற மண்டையில ஒரு கீறல் கீறி, அதுல ஆப்பு எறக்கிட்டா நாக்கு விரிஞ்சுக்கும். அப்பறம் ஆனை உக்காந்தாலும் கழலாது. காலுக்கும் காலுக்கும் நடுவுல குறுக்குக் கட்டை, அதுக்கும் இதே மாதிரி நாக்கும் துளையும். துளையப் போடறப்ப ஒரே பக்கமா எறக்குனா அடியில கட்டை சிலும்பா பேந்துரும். பாதி இந்தப் பக்கம், திருப்பிப் போட்டு பாதி அந்தப் பக்கம். எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரலீங்க. ஜன்னல்ல இருந்து பாத்ததுதான்.

ரெண்டு பக்கத்துத் துளையும் நடுவுல சந்திக்கறப்ப ஒட்டுமா ஒட்டாதான்னு அவளுக்கு இல்லாத படபடப்பு எனக்கு இருக்கும். ஒட்டக்கூடாதுன்னுதான். ஒட்டிரும். அவ குனிஞ்சு துளை வழியா வானத்தைப் பாப்பா. பாத்துட்டுத் தனக்குத் தானே சிரிப்பா. என்னைப் பாத்து அந்தச் சிரிப்பை அவ சிரிச்சு எத்தனையோ வருசமாச்சுங்க. ஒரு ஓட்டையப் பாத்துச் சிரிக்கறா.

சரி, நம்மளும் ஒத்தாசை பண்ணலாம்னு என்ற வெர்னியரை எடுத்துட்டுப் போனனுங்க. வெர்னியர் தெரியுமில்ல, தலைமுடியோட கனத்தைக்கூட அளந்துடலாம். கம்பெனில அது என்ற சட்டைப் பையில இருந்து எறங்குனதே இல்லை. துளை என்ன அளவு, நாக்கு என்ன அளவு, நான் அளந்து சொல்றேன் மயிலான்னேன். அவ நிமிந்து பாத்தா. எதுக்குங்க அத்தனை நுணுக்கம், இந்தக் கட்டையவே அது மேல வெச்சுக் கோடு கீறிட்டாப் போதுமுங்க, அளவே வேண்டாம்னா. சொல்லிப்போட்டு மறுபடி குனிஞ்சுக்கிட்டா. எத்தனையோ இன்ஜினியருங்க என்ற அளவுக்குக் காத்துக்கிட்டு நின்னவங்க. எங்கூட்டுக்காரிக்கு அளவே வேண்டாமாமா.

அதைவிட மோசம் அந்தக் கனகராஜு. வேலையப் பாக்கறேன்னு ஒருநா இங்கயே வந்துட்டான். குறுக்குக் கட்டைய எடுத்துக் கால்ல சொருகிப் பாத்தான். கையில தள்ளுனா உள்ள போகோணும், கொட்டாப்புளியில ரெண்டு தட்டுத் தட்டுனா நிக்கோணும், அதுதான் கணக்காமா. நின்னுது. அக்காவுக்குக் கை நெம்ப நிதானமுங்க மாமா, இந்த நிதானம் எனக்கு வரவே வருசக்கணக்காச்சுன்னு என்கிட்டயே சொல்றான். என்கிட்ட! அவ கை நிதானம்னு எனக்குத் தெரியாதா? கண்ணுல மண்ணு விழுந்தா அவதான் முந்தானை நுனியில எடுத்து விடுவா. அது எப்பேர்ப்பட்ட கையின்னு எனக்குத் தெரியும். அதை மீசைக்கு டை அடிக்கறவன் வந்து சொல்லோணுமா?

டீ வேண்டாமா? சரி, தண்ணியாச்சும் குடிங்க. என்னங்க, மணியப் பாக்கறீங்க? அவ வர பொழுதாயிருமுங்க. கோயில்ல கும்பாபிசேக வேலை நடக்குது போல, சாரம் கட்டறாங்க. தலையெல்லாம் மரத்தூளோட வாரா. பொறுங்க, இன்னும் கொஞ்சம்தான்.

பெஞ்சு முடிஞ்சு வாசல்ல போட்டாளா, அவ்வளவுதான். ஊரே வந்துருச்சு. காலைல வாக்கிங் போற பொம்பளைங்க, போறப்ப ஒருக்கா உக்காருவாங்க, வரப்ப ஒருக்கா உக்காருவாங்க. வாக்கிங் எப்பப் போறாங்கன்னு தெரியலை. பால்காரன் கேனை எறக்கி வெச்சுட்டு உக்காருவான். மகளைக் கட்டிக் குடுத்த சம்பந்தி, என்ற ஊட்டுல எதையுமே நல்லா இருக்குதுன்னு சொல்லாத மனுசன், அதுல உக்காந்துட்டு, சம்பந்தி, இதுல உக்காந்தா எந்திரிக்கவே மனசு வரலீங்கன்னாரு. ஓசூர்ல இருக்கற என்ற மக அதைப் போட்டோ புடிச்சு, எங்கம்மா செஞ்ச பெஞ்சுன்னு போன்ல போட்டுட்டா. நான் ரிட்டயர் ஆனப்ப மாலையும் கழுத்துமா நின்னேன். அந்தப் போட்டோ எங்க இருக்குதுன்னு இந்த ஊட்டுல யாருக்கும் தெரியாது.

ஆமாங்க, எரிஞ்சுது. சொல்றதுக்கு என்ன. சோறு எறங்கலை. ராவுல பொரண்டு பொரண்டு படுத்தேன். அவ என்ன பண்ணுனா தெரியுமுங்களா? பக்கத்துல நிம்மதியாக் கொறட்டை உட்டுத் தூங்குனா.

அப்பத்தான் நானும் ஒண்ணு செஞ்சுடலாம்னு முடிவு பண்ணுனேன். அவ அவங்கக்கா ஊட்டுல காதுகுத்துன்னு ஊருக்குப் போனா. நான் போயி நல்ல தேக்காப் பாத்து வாங்கிட்டு வந்தேன். வேப்பமரத்துல என்ன பெருமை, தேக்குல செஞ்சு காட்டறேன் பாருன்னு. முறையா டிராயிங் போட்டனுங்க. மூணு பக்கத்துப் பார்வையும் போட்டு, ஒவ்வொரு துளைக்கும் அளவு எழுதி. கம்பெனில ஒரு இரும்பு வளையத்தை ஓட்டைக்குள்ள எறக்கோணும்னா, வளையம் ஓட்டைய விட மயிரிழை பெருசா இருக்கோணும். அப்பத்தான் அடிச்சு எறக்குனா ஜென்மத்துக்கும் அசையாது. என்ற சர்வீசுல அப்படி எறக்குனது ஆயிரக்கணக்குல இருக்கும், ஒண்ணு கழண்டு வந்ததா யாரும் சொன்னதில்லை. அதே கணக்குத்தானேங்க இதுக்கும்? நாக்கைத் துளைய விட மயிரிழை பெருசா உட்டேன். வெர்னியர்ல பாத்துப் பாத்துச் செதுக்குனேன். அந்தச் செதுக்கலைப் பாத்திருந்தா நீங்களே கண்ணுல ஒத்திக்குவீங்க.

சம்மட்டிய எடுத்து அடிச்சு எறக்குனனுங்க. பாதி வரைக்கும் ஜம்முனு போச்சு. இன்னொரு அடி போட்டேன் பாருங்க, படார்னு ஒரு சத்தம். காலு மேல இருந்து கீழ வரைக்கும் நேரா பொளந்துக்கிச்சு. வாழைத்தண்டாட்ட.

மரம் சரியில்லீங்க. கடைக்காரன் ஏமாத்திட்டான். நல்ல தேக்கா இருந்தா அப்படிப் பொளக்குமா? அடுத்த காலை எடுத்தேன், அதுவும் அப்படியே. ரெண்டு காலும் கெட்ட மரமாவே குடுத்திருக்கறான் பாருங்க, எப்பேர்ப்பட்ட திருடன்.

எல்லாத்தையும் வெட்டித் தண்ணி காய வெக்கற அடுப்புல வெச்சுட்டேன். தேக்குல தண்ணி காய வெச்சுக் குளிச்சவன் இந்த ஊர்ல நான் ஒருத்தனாத்தான் இருக்கும். ஆனா பாருங்க, ஒரு துண்டு அரைகுறையா எரிஞ்சு கெடந்திருக்குது. அவ ஊர்ல இருந்து வந்து சாம்பல் அள்றப்ப எடுத்துப் பாத்துட்டா. திருப்பித் திருப்பிப் பாத்தா. நாக்கு அப்படியே துளைக்குள்ள இருக்குது. சிரிப்பான்னு நெனச்சேன். சிரிச்சிருந்தா நானும் நாலு வார்த்தை வைதிருப்பேன், தீந்திருக்கும். அவ சிரிக்கலை. மெதுவாச் சொன்னா, மரத்துல தப்பில்லீங்க, நீங்க இதை இரும்புன்னு நெனச்சுட்டீங்க, இரும்பு தாங்கும், இதுக்கு மூச்சு விடற எடம் வேணுமுங்கன்னா. சொல்லிட்டு அந்தத் துண்டை வெளிய வீசாம, சேலையில தொடைச்சு ஜன்னல் மேல வெச்சா. அது எதுக்குங்க? தெனமும் என்ற கண்ணுல படட்டும்னுதானே? மறுநாளே எடுத்துச் சாக்கடையில போட்டுட்டேன்.

அதுக்கப்பறம்தான் ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. உங்களாட்ட. எங்களுக்கும் இது மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்கம்மான்னு. முதல்ல ஒரு டாக்டரம்மா. மயிலா குளிச்சுட்டு இருந்தா, நான்தான் பேசுனேன். எங்கூட்டுக்காரிக்கு இடுப்புல வலி, குனிஞ்சு வேலை செய்யக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கன்னு அனுப்பிச்சேன். பொய்யின்னு சொல்ல முடியாதுங்க, இந்த வயசுல யாருக்கு இடுப்பு வலிக்காம இருக்கும்? அப்பறம் ஒரு கலியாண மண்டபத்துக்காரரு. அவருகிட்டயும் அதேதான். கடைசியா ஒரு பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ். அந்தம்மா லேசுல போகலை. கொழந்தைங்க மரத்தடியில தரையில உக்காந்து சாப்படறாங்க, பெஞ்சு கெடைச்சா நல்லா இருக்கும்னு நின்னு நின்னு பேசுச்சு. நான் அவ உளியே தொடறதில்லீங்கன்னு அடிச்சுச் சொல்லிப்போட்டேன். அவ நல்லதுக்குத்தானே சொல்றேன்? வயசான காலத்துல ஊர்க் கொழந்தைங்களுக்கெல்லாம் பெஞ்சு அடிச்சுக் குடுக்கோணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்து?

அவகிட்ட நான் எதுவும் சொல்லலை. அவளும் கொஞ்ச நாளு கேட்டுக் கேட்டுப் பாத்தா. யாராச்சும் வந்தாங்களான்னு. யாரும் வரலைன்னேன். கேட்டுல சத்தம் கேட்டா எட்டிப் பாப்பா. அப்பறம் அதையும் விட்டுட்டா. ஒருநா போர்டிகோவைச் சுத்தமாக் கழுவி, சாமானையெல்லாம் பெட்டியில கட்டிப் பின்னால கொண்டுபோய் வெச்சுட்டா. எனக்கென்னமோ அன்னிக்குத்தான் சோறே எறங்குச்சு. ஆச்சு, பழையபடி ஊடு ஊடா ஆயிருச்சுன்னு நெனச்சேன்.

இப்பக் கோயில்தான். காலைல டிபன் வெச்சுட்டு, எனக்கு மத்தியானச் சோறும் மூடி வெச்சுட்டுப் போனா, பொழுதோடதான் வாரா. வந்தா அலுத்துப்போய்ப் படுத்துக்கறா. அத்தனை பக்தி அவளுக்கு எப்ப வந்துதுன்னு தெரியலை. துன்னூறுகூட வெச்சுக்க மறந்துட்டு வாரான்னாப் பாத்துக்கங்க, அப்படி லயிச்சுப் போயிக் கும்பிடறா. நான் ஒண்ணும் கேக்கறதில்லை. சாமி மேல எனக்கு என்ன பொறாமை?

ஒண்ணே ஒண்ணுதாங்க மனசுல கெடந்து அறுக்குது. எல்லாம் பழையபடி ஆச்சுல்ல, ஆனா அந்த ஒரு வார்த்தை மட்டும் திரும்பி வரலை. ஏனுங்க, இதைச் சித்தெ பாருங்களேன். அது வரவே இல்லீங்க. நானும் என்னென்னமோ செஞ்சு பாத்துட்டேன். சமையல்கட்டுக் கொழாயில வாசரை நானே லூசு பண்ணி வெச்சேன். சொட்டுச் சொட்டுன்னு ஒழுகுது. பேப்பரை விரிச்சு வெச்சுட்டு, இப்பக் கூப்பிடுவா, இப்பக் கூப்பிடுவான்னு உக்காந்திருக்கறேன். சத்தம் நின்னுபோச்சு. போய்ப் பாத்தா, நூலைச் சுத்தி அவளே முடுக்கிட்டா. நல்லாவே முடுக்கியிருக்கறா வேற. மிக்சியில வயரைக் கழட்டி விட்டேன், அம்மிய எடுத்து அரைச்சுக்கிட்டா. கண்ணாடி போட்டுட்டுத் தயாரா உக்காந்திருக்கறவனை ஒரு மனுசனாவே அவ பாக்கலை. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன தம்பி, அவ என்கிட்ட ஒரே ஒரு தடவை வந்து, இது எனக்கு வரலீங்க, நீங்க பாருங்கன்னு சொன்னாப் போதும். அப்பறம் அவ ஊருக்கே பெஞ்சு செஞ்சு குடுக்கட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்.

சரி, நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கறேன். நீங்க எந்த ஊருன்னே கேக்கலை பாருங்க. எத்தனை பெஞ்சு வேணும்னு வந்தீங்க?

என்னது?

யாரு அனுப்புனாங்க?

கனகராஜு பட்டறையில வேலை செய்யறீங்களா? அக்கா அனுப்புனாங்களா? எந்த அக்கா? அவ கோயில்ல இருக்கறாளேங்க. இல்லீங்க, எங்கூட்டுக்காரி கோயில்ல...

எத்தனை நாளா பட்டறைக்கு வாரா?

அந்தப் பள்ளிக்கூடத்துக்கா? அந்தம்மா என்னை நம்பாம நேரா பட்டறைக்குப் போயிருச்சா? டாக்டரம்மாவும் போன் பண்ணிச் சொல்லிட்டாங்களா? அப்ப நான் திருப்பி அனுப்புனது எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தெனமும் எனக்குச் சோறு மூடி வெச்சுட்டுப் போறா. ஒரு வார்த்தை கேக்கலை. ஏன் இப்படிப் பண்ணுனீங்கன்னு ஒரு சண்டைகூடப் போடலை. சண்டை போடற அளவுக்குக்கூட என்னைக் கணக்குல வெக்கலையா அவ?

என்ன எடுத்துட்டு வரச் சொன்னா? சின்ன உளியா? அரை அங்குலம். பின்னால பெட்டியில. அதுக்கு ஏனுங்க வந்ததும் சொல்லலை? நான் எங்க சொல்ல விட்டேன். சரி.

வேற ஒண்ணும் சொல்லலீங்களா? அவருகிட்டக் கேளுங்கன்னு சொல்லலையா? என்ன சொன்னா, சும்மா சொல்லுங்க. மாமா தூங்கிட்டு இருப்பாரு, எழுப்பாம எடுத்துட்டு வந்துருங்கன்னாளா.

எழுப்பாம.

சித்தெ இருங்க. வாரேன்.

இந்தாங்க. பெட்டியில வேற ஒண்ணுமே இல்லீங்க. எல்லாம் போயிருச்சு, இது ஒண்ணுதான் மூலையில கெடந்துது. நான் ஒருநாளும் தெறந்து பாக்கலை. குடுங்க, குடுங்க, ஒரு நிமிசம் குடுங்க. இங்க பாருங்க, முனை எப்படி இருக்குதுன்னு. மழுங்கல். ஓரத்துல சின்னதா வாய் பேந்திருக்குது வேற. இதை வெச்சுக்கிட்டுத் துளை போட்டா கட்டைய நசுக்குமே ஒழிய வெட்டாது. கையிலதான் போட்டுக்குவா. அங்க உளியெல்லாம் யாருங்க தீட்டறது? கனகராஜா? அவன்தான் அவளுக்குத் தீட்டித் தர்றானா? எதுல தீட்டறான்? கிரைண்டர்லயா! அட முட்டாப்பயலே. கிரைண்டர்ல காட்டுனா இரும்பு சூடேறி நீலம் பாஞ்சுருமுங்க. நீலம் பாஞ்சா உளி செத்துப்போச்சுன்னு அர்த்தம். அப்பறம் எத்தனை தீட்டுனாலும் நிக்காது. மரம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கலாம். அவளுக்கும் தெரிஞ்சிருக்கலாம். இரும்பைப் பத்தி அங்க ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியலை.

உக்காருங்க. அவசரமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும், உக்காருங்க. எண்ணெய்க் கல்லை எடுத்துட்டு வாரேன்.

பாத்துக்கங்க. கல்லு மேல படிய வெச்சு, ஒரே சாய்வுல, அமுத்தாம. அவசரப்படக் கூடாது. கல்லோட சத்தம் மாறும், அப்ப நிறுத்தோணும். இப்பத் திருப்பிப் போட்டு முதுகுல ரெண்டு இழுப்பு. இந்தா, உங்க கைமுடிய லேசாத் தொட்டுப் பாருங்க. வழிச்சுக்கிட்டுப் போகுதுங்களா? இதுதான் தீட்டறது.

கொண்டுபோய்க் குடுங்க. நான் முழிச்சிருந்தேன்னு சொல்லாதீங்க. நான் பேசுனது எதையும் சொல்லாதீங்க. நான்தான் தீட்டுனேன்னும் சொல்ல வேண்டாம், கட்டையில எறக்கிப் பாத்தா அவளுக்கே தெரியும். மத்த உளியெல்லாமும் இப்படித்தான் இருக்குமுங்களா? அப்ப நாளைக்கு இந்நேரம் வேணும்னாக் கொண்டு வாங்க. நான் தூங்க மாட்டேன். தூங்கியிருந்தா எழுப்புங்க.

இன்னொண்ணுங்க தம்பி. அவ கையிலயே குடுங்க. அந்தக் கனகராஜு கையில மட்டும் குடுத்துடாதீங்க.